மஸ்கெலியாச் சின்னத்துரையும் கறுப்புப் பிடிக் கத்தியும்

மலையகத் தோட்டங்களுக்குச் சின்னத்துரையாகவும் பெரியதுரையாகவும் வந்து போன ஆங்கிலேயர்களுள் பெரும்பாலானோரை வரலாறு மறந்துவிட்டது. ஒரு சிலரின் பெயர்கள் மாத்திரம் தேவாலய வளவுகளின் கல்லறைக் கற்களில் எஞ்சியிருக்கின்றன. அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் ஒரு புதிய சமயத்தின் மூலவராக ஆனார் என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஜெரால்ட் கார்ட்னர் என்பது அவரது பெயர். 1884ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். 1900ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, மஸ்கெலியாப் பகுதியிலுள்ள லாட்புரூக் தோட்டத்தில் தேயிலைத் தொழில் பழகினார். 1904இல் ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் உள்ள நொன்பரேல் தோட்டத்தில் வேலைக்கமர்ந்தார். 1910இல் கொழும்பில் பிறீமேசன் சங்கமொன்றில் தீட்சை பெற்றார். அடுத்த ஆண்டு போர்னியோவுக்குச் சென்று, பின்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாகி, 1936இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். சூனியத்துக்கு எதிரான பழைய சட்டத்தைப் பிரித்தானியா 1951இல் நீக்கியது. மூன்று ஆண்டுகளின் பின்னர், 1954இல், 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற நூலை அவர் வெளியிட்டார். இன்று 'விக்கா' என்று உலகெங்கும் அறியப்படும் சமயம் அந்நூலின் வழியாகவே வெளியுலகுக்கு அறிமுகமாகியது.

தாம் அதைத் தோற்றுவிக்கவில்லை என்றும், இங்கிலாந்தின் நியூ பொரஸ்ட் பகுதியில் மறைவாக எஞ்சியிருந்த பழைய சமயமொன்றில் 1939இல் தீட்சை பெற்றதாகவுமே அவர் கூறினார். வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆய்வு நூல், இது இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பழைய மாந்திரீக நூல்கள், பிறீமேசன் சடங்குகள், நாட்டார் வழக்குகள் முதலியவற்றிலிருந்து உருப்பெற்ற புதிய சமயமே என்பதைத் தெளிவாக்கியது. புதியது என்பதனால் பொய்யானது என்று ஆகிவிடாது. எல்லாச் சமயங்களும் ஒரு காலத்தில் புதியனவே. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 பேர் தம்மை விக்கா சமயத்தவர் என்றும், 74,000 பேர் பொதுவாகப் 'பேகன்' என்றும் பதிவு செய்திருந்தனர். ஐக்கிய அமெரிக்காவில் இறந்த படைவீரர்களின் அரச கல்லறைக் கற்களில் இச்சமயத்தின் ஐம்முனை நட்சத்திரத்தைப் பொறிப்பதற்கு 2007இல் அனுமதி கிடைத்தது.

நான் இச்சமயத்தைச் சார்ந்தவன் அல்லன். மாந்திரீகத்தில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆயினும் இச்சமயத்தவர்களிடையே நெடுங்காலமாக நடைபெற்றுவரும் ஒரு விவாதம் என் கவனத்தை ஈர்த்தது. சடங்குக்குரிய கருவிகளை அவரவர் தம் கையாலேயே செய்துகொள்ள வேண்டுமா, அல்லது கடையில் வாங்கலாமா என்பதே அந்த விவாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறிய விடயம். ஆழ்ந்து பார்த்தால், சந்தைக்கும் சமயத்துக்கும் இடையிலான பெரிய வழக்கொன்று இதற்குள் இருக்கிறது.

முதலில் அக்கருவிகள் எவை என்று பார்ப்போம். கறுப்புப் பிடி கொண்ட கத்தி ஒன்று. அதனை 'அதாமே' என்பார்கள். அது பொருளை வெட்டுவதற்கு உரியதன்று. சடங்கு வட்டத்தை வரைவதற்கும் ஆற்றலைச் செலுத்துவதற்கும் உரியது. வெட்டுவதற்கும் செதுக்குவதற்கும் வெள்ளைப் பிடிக் கத்தி ஒன்று உண்டு. இவை தவிர மரக்கோல், கிண்ணம், தூபக்கால், ஐம்முனை நட்சத்திரம் பொறித்த தட்டு, கயிறுகள், சில குழுக்களில் வாள் ஆகியவையும் உள்ளன. விக்கா சமயத்துக்குப் பெருங்கோயில்கள் இல்லை. எல்லோரையும் கட்டுப்படுத்தும் வேதநூல் இல்லை. சம்பளம் பெறும் குருமார் பீடமும் இல்லை. தீட்சை பெற்ற ஒவ்வொருவரும் பூசகரே. ஆகவே, ஏனைய சமயங்களில் கோபுரமும் பீடமும் ஏடும் தாங்குகின்ற பாரம் முழுவதையும் இச்சமயத்தில் இந்தச் சிறு கருவிகளே தாங்குகின்றன. இக்கேள்வி அவர்களுக்கு அற்பமானதன்று என்பதற்கு இதுவே காரணம்.

'தானே செய்ய வேண்டும்' என்போரின் வாதத்தை முதலில் கேட்போம். தன் கையால் செய்யும்போது, செலவழித்த நேரமும் கவனமும் எண்ணமும் அப்பொருளில் படிந்துவிடுகின்றன என்பார்கள். பிறருடைய எண்ணம் எதுவும் அதில் கலவாது என்பார்கள். ஒரு மரத்தைத் தேடிச் சென்று, அதன் கொம்பை அறுத்து, உலர்த்தி, செதுக்கிக் கோலாக்கியவனுக்கு மரத்தைப் பற்றித் தெரிந்திருக்கும். கடையில் வாங்கியவனுக்கு விலை மாத்திரமே தெரிந்திருக்கும் என்பது அவர்களது வாதம். கார்ட்னர் வழியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியவர்களுள் முக்கியமானவரான ரேமண்ட் பக்லண்ட், 1986இல் வெளியான தமது பாடநூலில் இரும்பை எடுத்து அராவிக் கத்தியாக்குவது எவ்வாறு, பிடி பொருத்துவது எவ்வாறு என்றெல்லாம் விளக்கினார். இந்த வாதத்தின் வலுவை நான் மறுக்கவில்லை. உழைத்துப் பெற்ற பொருளின் மீதான பற்று வேறு, பணம் கொடுத்துப் பெற்ற பொருளின் மீதான பற்று வேறு.

ஆனால், 'இதுவே தொன்மையான விதி' என்று அவர்கள் கூறும்போதுதான் சிக்கல் எழுகிறது. கறுப்புப் பிடிக் கத்தியும் வெள்ளைப் பிடிக் கத்தியும் இடம்பெறும் புகழ்பெற்ற பழைய மாந்திரீக நூல் 'சாலமோனின் திறவுகோல்'. மாதர்ஸ் என்பவர் 1889இல் அதனை ஆங்கிலத்தில் பதிப்பித்தார். அந்நூலின்படி கோலுக்கான மரம் ஓராண்டு மாத்திரம் வளர்ந்ததாக இருக்க வேண்டும். புதன்கிழமை சூரியோதயத்தில், ஒரே வெட்டில் வெட்டப்பட வேண்டும். கறுப்புப் பிடிக் கத்தியைச் சனிக்கிழமையில், சனி ஓரையில் செய்து, கறுப்புப் பூனையின் இரத்தத்திலும் நச்சுச் செடியொன்றின் சாற்றிலும் தோய்க்க வேண்டும். ஓரை பார்க்கும் நம்மவர்களுக்கு இதில் பாதி பழக்கமானதாகவே தோன்றும். பூனையின் இரத்தத்தை இன்று எந்த விக்கா சமயத்தவரும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. வேண்டாததைத் தள்ளிவிட்டு வேண்டியதை மாத்திரம் 'தொன்மை' என்று தூக்கிப் பிடிப்பது நேர்மையான வாதமாகாது. தானே செய்வதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். தொன்மை அவற்றுள் ஒன்றன்று.

இதற்கு மாறான விதியொன்று கார்ட்னரிடமிருந்தே வந்தது என்பது சுவையான செய்தி. 1957இல் அவருடைய குழுவில் பிணக்கு ஏற்பட்டது. அவர் பத்திரிகைகளுக்கு அளவுக்கு மிஞ்சிப் பேசுகிறார் என்று, 1953இல் அவரிடம் தீட்சை பெற்றுச் சடங்குப் பாடல்களைத் திருத்தி எழுதிய டொரீன் வாலியண்ட்டும் வேறு சிலரும் குறைப்பட்டு, ஒழுங்கு விதிகள் சிலவற்றை முன்மொழிந்தனர். அதற்குப் பதிலாக, 'ஏற்கெனவே விதிகள் உண்டு' என்று கூறிப் 'பழைய சட்டங்கள்' என்ற தொகுப்பொன்றைக் கார்ட்னர் முன்வைத்தார். அவர் அதைத் தாமே எழுதினார் என்று ஐயுற்ற வாலியண்ட் விலகிச் சென்றார். அந்தச் சட்டங்களில் ஒன்று, கருவிகள் எவரது வீட்டிலும் காணக்கூடிய சாதாரணப் பொருள்களாக இருக்கட்டும் என்கிறது. தட்டை மெழுகினால் செய்துகொண்டால் ஆபத்து வேளையில் உடனே உடைத்தோ உருக்கியோ விடலாம் என்கிறது. கலைக்குப் பணம் வாங்கக்கூடாது என்றும் எச்சரிக்கிறது.

அச்சட்டங்கள் போலிப் பழைமை கொண்டவையாக இருக்கலாம். செய்தி தந்தவரின் நோக்கம் எதுவாயினும் செய்தி மெய்யா என்று தனியே சோதிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அந்த முறையில் பார்த்தால் மேற்படி விதியில் ஞானம் இருக்கிறது. சமையலறைக் கத்தியும் தேநீர்க் கோப்பையும் உப்பும் தண்ணீரும் ஒரு மெழுகுவர்த்தியும் போதும் என்றால், ஏழைக்கும் இடமுண்டு. பெற்றோருக்கோ அயலவருக்கோ அஞ்சி மறைவாக வழிபடுபவருக்கும் இடமுண்டு. 1988இல் வெளிவந்த, தனித்து வழிபடுவோருக்கான தமது கைநூலில் ஸ்கொட் கன்னிங்ஹாமும் ஏறத்தாழ இதே கருத்தையே கொண்டிருந்தார். கருவிகள் சடங்கைச் செழுமைப்படுத்தும். ஆனால் நாம் கொடுக்கும் ஆற்றலுக்கு அப்பால் அவற்றுக்கென்று ஆற்றல் இல்லை என்பது அவரது நிலைப்பாடு.

இங்கேதான் 'தானே செய்' என்ற கட்டளையின் கொடுமை புலப்படுகிறது. உலைக்களமும் பட்டறையும் யாரிடம் இருக்கின்றன? மாடிக் குடியிருப்பின் ஒற்றை அறையில் வாழும் கூலித் தொழிலாளி எந்த நெருப்பில் இரும்பைக் காய்ச்சுவார்? விரல்கள் முடங்கிய மூதாட்டி எவ்வாறு மரம் செதுக்குவார்? 'நீ செய்யவில்லை, ஆகவே உன் வழிபாடு குறைவுடையது' என்று அவர்களிடம் கூறுவது, நேரமும் இடமும் உடல் வலுவும் உள்ளவர்கள் தமது வசதியைப் பக்தி என்று பெயர் மாற்றிச் சொல்வதேயாகும். சமயத்தின் பெயரால் ஏழையைக் கூச வைப்பதற்குப் புதிய சமயம் ஒன்று தேவையில்லை. அந்தப் பணியைப் பழைய சமயங்களே செவ்வனே செய்து வந்திருக்கின்றன.

எனவே கடையில் வாங்குவதே சரி என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் முடியாது.

2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். பின்றோஸ் என்ற வாசனைத் திரவிய நிறுவனம், செபோரா என்ற அழகுசாதனக் கடைகளினூடாகத் 'தொடக்கநிலைச் சூனியக்காரிப் பெட்டி' ஒன்றை 42 டொலருக்கு விற்கத் திட்டமிட்டது. சீட்டுக் கட்டு, ரோஜா நிறப் படிகக்கல், வெள்ளைச் சேஜ் இலைக் கட்டு, சிறு குப்பிகளில் வாசனைத் திரவியங்கள் ஆகியன அதில் அடங்கும். விக்கா சமயத்தவர்களும் அமெரிக்கப் பழங்குடியினரும் கடுமையாக எதிர்த்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டது. பெட்டி போய்விட்டது, ஆனால் அதில் அடங்கியிருந்த பொருள்கள் தனித்தனியாக இன்றும் விற்பனையாகின்றன.

அவற்றுள் இரண்டை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். வெள்ளைச் சேஜ், தென் கலிபோர்னியாவிலும் அதனை அடுத்த மெக்சிக்கோப் பகுதியிலும் இயற்கையாக வளரும் செடி. அப்பகுதிப் பழங்குடிகளுக்கு அது புனிதமானது. அம்மக்களின் சமயச் சடங்குகள் நெடுங்காலம் ஒடுக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பாதுகாக்கும் சட்டம் அமெரிக்காவில் 1978இல்தான் வந்தது. அவர்கள் மறைந்து மறைந்து புகைத்த அதே இலை, இன்று காட்டுநிலங்களில் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டுக் கட்டுக் கட்டாகக் கடைக்கு வருகிறது. ரோஜா நிறப் படிகக்கல்லுக்கு மடகாஸ்கர் முக்கிய ஊற்று. அங்குள்ள குழிகளில் பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதர்கள் இறங்குவதையும், அவர்களிடையே சிறுவர்களும் இருப்பதையும் 2019இல் 'த கார்டியன்' நாளிதழ் விரிவாக எழுதியது. கல்லைத் தோண்டியவருக்குக் கிடைப்பது சில்லறை; அதே கல் அமெரிக்கக் கடைக்கு வரும்போது அதன் விலை பன்மடங்கு.

இயற்கையைத் தாயாக வணங்கும் ஒரு சமயம் இது. 'எவருக்கும் தீங்கு செய்யாதே' என்பதே அதன் அடிப்படை அறம். அந்தத் தாயின் வயிற்றைக் கிழித்து எடுத்த கல்லை வைத்து அவளை வழிபடுவதில் உள்ள முரண்பாட்டை வெளியாரான நான் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. அச்சமயத்தவர்களிடையே மனச்சாட்சியுள்ள பலர் அதைக் கூறிவருகின்றனர். ஆனால் விவாதம் 'கையா, கடையா' என்ற இரண்டு சொற்களுக்குள் முடங்கிக் கிடக்கும்வரை இந்தக் கேள்வி முன்னுக்கு வராது.

ஏனெனில், கடையில் வாங்கிய பொருளும் ஒரு கை செய்ததே. அது நம்முடைய கையன்று, வேறொருவருடைய கை. கடை என்பது அந்தக் கையை நம் கண்ணிலிருந்து மறைக்கும் திரை மாத்திரமே. 'கையால் செய்தது' என்று எழுதி ஒட்டப்பட்ட பொருள்களிலும் இதே மறைப்பு உண்டு. எங்கோ ஒரு தொழிற்சாலையில் அடித்த அலகுக்கு மரப்பிடி மாத்திரம் பொருத்திவிட்டு 'என் கைவேலை' என்று கூறுபவரும் அந்தத் திரைக்குப் பின்னாலேயே நிற்கிறார்.

கார்ட்னரின் வாழ்க்கையே இதற்கு விடை தருகிறது என்று நான் கருதுகிறேன். மலாயாவில் இருந்த காலத்தில் அவர் மலாய் மக்களின் கிரிஸ் எனப்படும் குறுவாளை ஆராய்ந்து, 1936இல் அது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கிரிஸ் வெறும் ஆயுதமன்று. அதற்குள் ஓர் ஆற்றல் உறைவதாக மலாய், ஜாவா மக்கள் நம்பினர். தலைமுறை தலைமுறையாகக் கையளித்துக் காத்தனர். 2005இல் யுனெஸ்கோ இந்தோனேசியக் கிரிஸை மனிதகுலத்தின் அருமரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. இவ்வளவு புனிதமான அந்த வாளை அதன் உடையவர் தாமே செய்வதில்லை. ஜாவாவில் 'எம்பு' எனப்படும் கொல்லர் செய்கிறார். இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் மடித்து மடித்து அடிப்பதற்கு முன்னர் அவர் விரதம் இருப்பார், படையல் வைப்பார், நாள் பார்ப்பார். கொல்லர் யார் என்று உடையவருக்குத் தெரியும். யாருக்காகச் செய்கிறோம் என்று கொல்லருக்குத் தெரியும். விலை கொடுத்து வாங்கியதனால் அந்த வாளின் புனிதம் குறைந்துவிடவில்லை.

சடங்குப் பொருளை வாங்கும்போது பேரம் பேசக்கூடாது என்று விக்கா சமயத்தவர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. மாந்திரீகக் காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அது நல்ல அறம். செய்தவரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டு அதே பொருளின் முன் எவ்வாறு பணிவது? ஆனால் பேரம் பேசாமல் இருப்பதற்கும் எதிரே ஒரு மனிதர் இருக்க வேண்டும். இணையத்தில் பொத்தானை அழுத்தி வாங்கும்போது பேரத்துக்கும் இடமில்லை, மரியாதைக்கும் இடமில்லை.

இன்னொன்றையும் கூற வேண்டும். ஈய எழுத்துகளைக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில், எங்கள் அச்சுக்கூடத்து மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் தமது கம்போசிங் ஸ்டிக்கை வேறெவரும் தொட விடமாட்டார். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து, தமது பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டே வீட்டுக்குப் போவார். அதை அவர் செய்யவில்லை. நிறுவனம் மொத்தமாக வாங்கிய பல நூறு கருவிகளுள் அதுவும் ஒன்று. முப்பது ஆண்டுக்கால உழைப்பு அதை அவருடையதாக்கியிருந்தது. விக்கா சமயத்திலும் புதிய கருவியை உப்பு, நீர், புகை, நெருப்பு ஆகியவற்றால் தூய்மைப்படுத்திப் புனிதமாக்கும் சடங்கு உண்டு. எங்கிருந்து வந்தாலும் ஒரு பொருள் நம்முடையதாக மாற முடியும் என்பதை அச்சமயமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுபுறத்தில், கையால் செய்ததாயினும், எத்துணை அரியதாயினும், கவனிப்பாரின்றேல் கடைச்சரக்காகிவிடும். 1964இல் கார்ட்னர் கப்பற் பயணத்தின்போது காலமானார். மான் தீவில் அவர் நடத்திய அரும்பொருட் காட்சியகத்தின் சேகரிப்பு, அவருடைய சீடர் ஒருவருக்குச் சென்றது. அச்சீடர் அதை 1973இல் றிப்ளி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். விநோதப் பொருள்களைக் காட்டிப் பணம் பெறும் கூடங்களில் ஒரு சமயத்தின் மூலக் கருவிகளும் கையெழுத்து நூல்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் அவற்றில் பல தனியார் கைகளுக்கு மாறின. கலைக்குப் பணம் வாங்காதே என்ற சட்டத்தை முன்வைத்தவரின் உடைமைகளுக்கே இந்தக் கதி நேர்ந்தது.

ஆகவே, என் கருத்து இதுதான். முடிந்தவர் ஒரு கருவியையாவது தம் கையால் செய்யட்டும். அதனால் கிடைக்கும் முதற்பயன் ஆற்றலன்று, அறிவு: ஒரு பொருள் உருவாவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்ற அறிவு. அதைப் பெற்றவர் பிறரது கைவேலையை மலிவாக எண்ணமாட்டார். முடியாதவர் வீட்டிலுள்ள கத்தியையும் கோப்பையையும் கூச்சமின்றிப் பயன்படுத்தட்டும். வாங்க வேண்டியிருந்தால், செய்த கை எதுவென்று கேட்டு வாங்கட்டும். விற்பவரால் விடை கூற முடியாவிட்டால், அந்தப் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பீடத்தில் வைக்கத் தகுந்ததன்று. கல்லும் இலையும் இல்லாமல் வழிபாடு நின்றுவிடாது.

கார்ட்னர் தொழில் பழகிய மஸ்கெலியா மலைகளில் இன்றும் கொழுந்து கையால்தான் பறிக்கப்படுகிறது. அந்தத் தேயிலை உலகின் எந்தக் கடையில் விற்பனைக்கு வந்தாலும் பெட்டியில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பறித்தவளின் பெயர் இருக்காது. இந்த நாட்டிலிருந்து இவ்விவாதத்தைப் பார்க்கின்ற எனக்கு, 'கையா, கடையா' என்ற கேள்வியைவிட 'யாருடைய கை' என்ற கேள்வியே முதன்மையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.